காட்ஃபாதர் போலீஸ்காரரும் வல்வெட்டித்துறைக் கப்பலும்

'தி காட்ஃபாதர்' பார்த்திருக்கீங்கதானே? அந்த ரெஸ்டாரன்ட் சீன் ஞாபகம் இருக்கா? பாத்ரூம்ல இருந்து துப்பாக்கியோட வர்ற அல் பசினோ ரெண்டு பேரைச் சுடுவார். அதுல ஒருத்தர் தட்டுக்கு முன்னாடி உட்கார்ந்தபடியே சாகுற முரட்டு போலீஸ் கேப்டன். அவர்தான் ஸ்டெர்லிங் ஹேடன். நிஜத்துலயும் அவர் கேப்டன்தான், ஆனா கப்பல் கேப்டன். அவர் முதன்முதலா கேப்டனா நின்னது, யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில தமிழர்கள் கட்டின ஒரு பாய்மரக் கப்பல்ல!

காரைக்குடியில இருந்து தேவகோட்டை தாண்டிப் போனா தொண்டி. அங்கே கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. செட்டிநாட்டு வீட்டுத் தூண்களுக்கு பர்மா தேக்கு கடல்வழியா வந்திறங்கின காலத்துல, வல்வெட்டித்துறைக் கப்பல்களும் இதே வங்கக்கடல்ல சரக்கு ஏத்திப் போய் வந்துட்டிருந்தன. அதுல ஒண்ணுதான் 'அன்னபூரணி'. 1930-ல வேப்ப மரத்துல கட்டினது, 89 அடி நீளம். சின்னப் படகுல உலகத்தைச் சுத்திப் பேர் வாங்கின வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்ங்கிற அமெரிக்கர் இதை வாங்கி, 'ஃப்ளாரன்ஸ் சி. ராபின்சன்'னு மனைவி பேரை வெச்சார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் ஊர் மாலுமிகளும் சூயஸ், மத்தியதரைக் கடல், அட்லான்டிக்னு போய், 1938 ஆகஸ்ட்ல அமெரிக்காவோட க்ளாஸ்டர் துறைமுகத்துல கப்பலைக் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. இவங்களைப் பத்தியே தனியா ஒரு படம் எடுக்கலாம். ஏன் இன்னும் யாரும் எடுக்கலைன்னு தெரியல.

அந்த நேரத்துல க்ளாஸ்டர் பக்கம் சுத்திட்டிருந்தவர்தான் ஹேடன். 1916-ல நியூஜெர்ஸியில பிறந்தவர். 16 வயசுலயே படிப்பை விட்டுட்டு கடலுக்குப் போயிட்டார். மீன்பிடிக் கப்பல்ல வேலை, அப்புறம் 'யாங்கி'ங்கிற பாய்மரக் கப்பல்ல துணை அதிகாரியா உலகச் சுற்று. 22 வயசுல 'அன்னபூரணி'யை அவர் கையில கொடுத்தாங்க. பசிபிக் நடுவுல இருக்கிற தஹிதி தீவு வரைக்கும் 7,700 மைல் ஓட்டிட்டுப் போகணும். கொண்டுபோய்ச் சேர்த்துட்டார்.

தஹிதியோட துறைமுகம் பப்பீட்டே. அந்தக் காலத்துல அங்கே பாய்மரக் கப்பல்களைக் கட்டின விதம் நம்ம ஊர்ப் படகுத்துறை மாதிரி இருக்காது. பக்கவாட்டுல அணைச்சு நிறுத்தாம, கரைக்குக் கொஞ்ச தூரம் முன்னாடியே அணியத்துல இருந்து நங்கூரத்தை இறக்கிடுவாங்க. அப்புறம் சங்கிலியை விட்டுக்கிட்டே மெதுவா பின்னால வந்து, அமரத்தைக் கரையோட கயிறு போட்டுக் கட்டுவாங்க. பைக் ஸ்டாண்ட்ல வண்டியை ரிவர்ஸ்ல சொருகுற மாதிரின்னு வெச்சுக்கோங்க. கொஞ்ச இடத்துல நிறைய கப்பல் நிக்கலாம். இது மத்தியதரைக் கடல் ஊர்கள்ல பழகின முறை. கேட்க ஈஸியா இருக்கும். ஆனா மரக்கப்பலுக்கு பிரேக் கிடையாது. நங்கூரம் சரியா கவ்வலைன்னாலோ, பக்கவாட்டுல காத்து அடிச்சாலோ அடுத்த கப்பல் மேலயோ கல்லு மேலயோ மோத வேண்டியதுதான்.

1940-ல ஹாலிவுட் அவரைப் பிடிச்சுக்கிச்சு. ஆறடி அஞ்சு அங்குல உயரம், பொன்னிற முடி. பாரமவுன்ட் அவரை சினிமாவுலயே அழகான ஆண்னு விளம்பரம் பண்ணுச்சு. அவருக்கு அது கொஞ்சம்கூடப் பிடிக்கல. போர் வந்ததும் ஜான் ஹாமில்டன்னு பேரை மாத்திக்கிட்டு ராணுவத்துல சேர்ந்தார். இத்தாலியில இருந்து ஏட்ரியாட்டிக் கடலைத் தாண்டி, ஜெர்மன் காவலுக்குத் தப்பி யூகோஸ்லாவியப் போராளிகளுக்கு ஆயுதம் கொண்டுபோனார். அதுக்காக அவருக்கு சில்வர் ஸ்டார் பதக்கமும் கிடைச்சுது.

அந்தப் போராளிகள் மேல வந்த மரியாதையில 1946-ல கொஞ்ச மாசம் கம்யூனிஸ்ட் கட்சியில இருந்தார். அதுதான் பின்னாடி அவரைக் கடிச்சுது. 1951-ல அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழு முன்னாடி நிக்க வெச்சாங்க. வேலை போயிடும், குழந்தைகளைப் பிரிச்சுடுவாங்கங்கிற பயத்துல, தன்னோட பழகின சிலர் பேரைச் சொல்லிட்டார். அவர் தப்பிச்சுட்டார், படங்களும் தொடர்ந்து வந்துச்சு. ஆனா அதுக்காக அவரே அவரை மன்னிக்கல. சாகுற வரைக்கும் வெளிப்படையா தன்னைத் திட்டிக்கிட்டார். சாக்கு எதுவும் சொல்லல. எனக்கு இந்த மனுஷன்மேல மரியாதை வந்த இடம் இதுதான்.

அப்புறம் அவர் பிடிச்சுக்கிட்டது ஒரு பழைய கப்பலை. 1893-ல சான் ஃபிரான்சிஸ்கோ துறைமுக வழிகாட்டிகளுக்காகக் கட்டின 'க்ரேசி எஸ்'. அதை வாங்கி 'வாண்டரர்'னு பேர் வெச்சார். பழைய செட்டிநாட்டு வீட்டை வாங்கிப் புதுப்பிச்சவங்க யாராவது தெரிஞ்சா கேட்டுப்பாருங்க. ஓட்டை மாத்தினா உத்தரம் போயிருக்கும், உத்தரத்தை மாத்தினா சுவர் ஊறியிருக்கும். மரக்கப்பலும் அதே கதைதான். பலகை இடுக்குல பஞ்சைத் திணிச்சு அடைக்கிற கலப்பத்து வேலையில ஆரம்பிச்சு, பாய், கயிறு, நங்கூரச் சங்கிலின்னு காசைக் குடிச்சுக்கிட்டே இருக்கும்.

1959-ல விவாகரத்து வழக்குல நீதிமன்றம் தடை போட்டிருந்துச்சு. அதையும் மீறி, நாலு குழந்தைகளையும் ஏத்திக்கிட்டு தஹிதிக்குக் கிளம்பிட்டார். அது சரியா தப்பான்னு நீங்க வீட்ல விவாதம் பண்ணலாம். குழந்தைகளோட அம்மா பக்கம் இருந்து பார்த்தா அது வேற கதை. போன வழியில எடுக்க நினைச்ச படம் நடக்கல, கடன்தான் மிச்சம். திரும்பி வந்து கோர்ட்டையும் கடன்காரங்களையும் பார்த்தார். 1963-ல 'வாண்டரர்'ங்கிற பேர்லயே சுயசரிதை வந்துச்சு. அதுல 1951 விஷயத்துல தன்னைக் கொஞ்சமும் விட்டுவைக்கல.

1964-ல குப்ரிக்கோட 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' படத்துல பைத்தியக்கார ஜெனரலா மிரட்டினார். அதுக்குள்ள 'வாண்டரர்' கைமாறிப் போயிருந்துச்சு. அதே வருஷம் பசிபிக்ல ரங்கிரோவா தீவுப் பவளப்பாறையில மோதி அழிஞ்சுது. பின்னாடி 'காட்ஃபாதர்'ல அவர் நடிச்சப்போ வயசு ஐம்பத்தஞ்சுக்கு மேல. வயசான காலத்துலயும் பிரான்ஸ் கால்வாய்கள்ல ஒரு சரக்குப் படகை வீடா வெச்சு வாழ்ந்தார். தாடி நெஞ்சு வரைக்கும் வளர்ந்திருந்துச்சு. 1986 மே 23 அன்னிக்கு சாசலிட்டோவுல இறந்தார். 'வாண்டரர்' பாய் விரிச்சுக் கிளம்பின அதே சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவோட கரையில இருக்கிற ஊர் அது.