வெள்ளியைத் தேடி வந்தவர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

பெயர் வைப்பதில் மேனாட்டாருக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாம் தந்தையார் பெயரின் முதல் எழுத்தை மட்டும் நம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறோம். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மாறிவிடுகிறது. அவர்களுக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டு. அது தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வரும். ஆகவே, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நாட்டில் வாழ்ந்த பலர் ஒரே குடும்பப் பெயரைத் தாங்கி நிற்பதைக் காணலாம். சில வேளைகளில் ஊர்களும் அப்பெயரைத் தாங்கும்.

'ஜாந்தி' என்பது அத்தகைய ஒரு பிரெஞ்சுப் பெயர். நற்குடிப் பிறந்தவர் என்பது அதன் பழம்பொருள். அன்புள்ளவர் என்பது இன்றைய பொருள். முன்னால் 'லெ' என்னும் சுட்டு சேர்ந்து 'லெ ஜாந்தி' என்றும் வழங்கும்.

ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் கடற்கரையில் போர்ட்-ஜாந்தி என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. பிரெஞ்சுக் காங்கோவை ஆண்ட எமீல் ஜாந்தியின் (1866-1914) பெயர் அதற்கு இடப்பட்டது. அவருடைய ஆட்சியில் கறுப்பின மக்கள் பட்ட துன்பத்தைப் பற்றி 1905-இல் விசாரணையே நடந்தது. ஆயினும் ஒரு நகரம் அவர் பெயரைச் சுமந்து நிற்கிறது. இன்னொருவர் ஜான் பாப்திஸ்த் ஜாந்தி (1726-1799). பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தியா வந்த இவர், பின்னர் அயோத்தி நவாப் சுஜா உத் தௌலாவிடம் இருந்தார். முகலாயப் பேரரசின் மாகாணங்களைக் காட்டும் நிலப்படத் தொகுப்பு ஒன்றை 1770-இல் உருவாக்கினார். அவர் பெயர் நிலப்படத்தோடு நிலைத்தது.

மூன்றாமவர் பெயர் பூமியிலேயே இல்லை, நிலவில் இருக்கிறது! நிலவின் தென்முனையை ஒட்டி, நம் கண்ணுக்கு விளிம்பில் சாய்வாகத் தெரியும் இடத்தில், நூறு கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள பழைய வட்டப் பள்ளம் ஒன்று உண்டு. அதன் பெயர் லெ ஜாந்தி. நாடு பிடித்தோ படை நடத்தியோ அந்தப் பெயர் அங்கே ஏறவில்லை. எடுத்த காரியத்தில் இரண்டு முறையும் தோற்றவர் அவர். அவருடைய தோல்விக்கும் நம் பகுதிக்கும் தொடர்பு உண்டு என்பதாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

பாதிரியாக வேண்டியவர்

கியோம் லெ ஜாந்தி 1725 செப்டம்பர் 12-ஆம் நாள் பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் உள்ள கூத்தான்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். குடும்பம் கௌரவமானது, ஆனால் பெருஞ்செல்வம் இல்லை. சமயக் கல்வி பயின்று பாதிரியாவதற்காகப் பாரிசுக்கு வந்தவர், ஒருநாள் தெலீல் என்ற பேராசிரியரின் வானநூல் விரிவுரையைக் கேட்கப் போனார். அவ்வளவுதான், மனம் விண்ணுக்குத் தாவிவிட்டது. வானநூலறிஞர் ழாக் காசினியின் ஆதரவால் பாரிஸ் வானாய்வகத்தில் இடம் கிடைத்தது. ஆண்ட்ரமீடா அண்டத்தின் அருகில் உள்ள சிறிய துணை அண்டத்தை 1749-இல் முதன்முதலில் கண்டவர் இவரே. 1753-இல் பிரெஞ்சு அறிவியல் அகாடமியில் உறுப்பினரானார்.

அக்காலத்து வானநூலாரை வாட்டிய கேள்வி ஒன்று இருந்தது. சூரியன் நமக்கு எவ்வளவு தொலைவில் உள்ளது? பூமியின் தொலைவை 100 என்று கொண்டால் வெள்ளியின் தொலைவு ஏறத்தாழ 72 என்பது கெப்ளர் விதியால் தெரியும். ஆனால் அந்த 100 என்பது எத்தனை கல் என்பது தெரியாது. வெள்ளிக் கோள் சூரியனுக்கும் பூமிக்கும் நேர் நடுவே வரும்போது, ஒரு கரும்புள்ளியாகச் சூரிய வட்டத்தைக் கடந்து செல்லும். உலகின் வெவ்வேறு மூலைகளிலிருந்து அதைப் பார்த்து, கடக்கும் நேரத்தை நொடி பிசகாமல் குறித்தால், அந்த நேர வேறுபாட்டைக் கொண்டு தொலைவைக் கணக்கிடலாம் என்று ஹாலி 1716-இல் வழி காட்டினார்.

இந்த வெள்ளிக் கடப்பு அடிக்கடி நிகழ்வதன்று. எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு வரும். பிறகு நூறு ஆண்டுக்கும் மேல் வராது. ஹாலி வழி காட்டிய பின் வரவிருந்தவை 1761, 1769 ஆகிய இரண்டே. பிரெஞ்சு அகாடமி பல திசைகளுக்கு ஆட்களை அனுப்ப முடிவு செய்தது. லெ ஜாந்திக்குக் கிடைத்த இடம் புதுச்சேரி.

வந்தவாசி மறித்த வழி

1760 மார்ச் 26-இல் அவர் பிரான்சிலிருந்து கப்பலேறினார். அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஜனவரி 22-இல், அவருடைய தலைவிதி நம் ஜவ்வாது மலைக்குக் கிழக்கே உள்ள வந்தவாசியில் எழுதப்பட்டுவிட்டது. அன்று நடந்த போரில் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படை, லாலியின் பிரெஞ்சுப் படையை முறியடித்தது. அந்தச் செய்தி கடல் கடந்து ஐரோப்பாவை எட்ட மாதக்கணக்கில் ஆகும். வந்தவாசிப் போரைப் பள்ளியில் இரண்டு மதிப்பெண் வினாவாக நாம் படித்திருக்கிறோம். அந்தப் போர் ஒரு விஞ்ஞானியின் வாழ்வையும் திசை திருப்பியது என்பது பாடநூலில் இல்லாத செய்தி.

ஜூலையில் அவர் மொரிஷியஸ் தீவை அடைந்தார். போரின் காரணமாக அங்கிருந்து மேலே செல்லக் கப்பல் இல்லை. 1761 மார்ச்சில்தான் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. காற்று ஒத்துழைக்காமல் அலைந்து திரிந்து, மே மாத இறுதியில் மலையாளக் கரையை நெருங்கியபோது, மாகியும் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்ட செய்தி வந்தது. கப்பல் திரும்பியது.

ஜூன் 6-ஆம் நாள். வானம் துல்லியமாக இருந்தது. வெள்ளி சூரியனைக் கடந்தது. நடுக்கடலில் ஆடும் கப்பலின் மேல்தளத்திலிருந்து லெ ஜாந்தி அதைக் கண்ணாரக் கண்டார். ஆனால் என்ன பயன்? ஊசல் கடிகாரம் ஆடும் கப்பலில் ஒழுங்காக ஓடாது. கப்பல் நின்ற இடத்தின் தீர்க்க ரேகையும் திட்டமாகத் தெரியாது. பார்த்ததைக் குறித்து வைத்தார். எனினும் அதைச் சூரியத் தொலைவுக் கணக்கில் சேர்க்கத் தகுந்த அளவீடு என்று அவர் கொண்டாடவில்லை. அதே நாளில், அவர் வந்து சேரவிருந்த அதே சோழ மண்டலக் கரையில், சென்னையில் ஹெர்ஸ்ட் என்ற ஆங்கிலப் பாதிரியார் தரையில் நின்று அக்காட்சியைக் கண்டு குறித்தார்.

எட்டு ஆண்டுக் காத்திருப்பு

நாமாக இருந்தால் ஊர் திரும்பியிருப்போம். லெ ஜாந்தி திரும்பவில்லை. அடுத்த கடப்பு 1769-இல் வரும். அதுவரை இங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தார். மடகாஸ்கரிலும் அண்டைத் தீவுகளிலும் சுற்றினார். காற்றின் போக்கு, கடலோட்டம், செடிகொடி, மக்கள் வழக்கம் என எல்லாவற்றையும் எழுதி வைத்தார். 1766-இல் பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குச் சென்று இடம் பார்த்தார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநர் அவருடைய சான்றுக் கடிதங்களையே ஐயுற்றார். பாரிஸ் அகாடமியோ புதுச்சேரியையே விரும்பியது. அந்நகரம் அதற்குள் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பிவிட்டிருந்தது. 1768 மார்ச் மாதம் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

ஆளுநர் லா தெ லோரிஸ்தோன் அவரை அன்போடு வரவேற்றார். ஆங்கிலேயர் இடித்துத் தள்ளிய கோட்டையின் சிதைவுகள் மேல் அவருக்கு ஒரு வானாய்வகம் எழுந்தது. முன்பு அவர் வழியை மறித்த ஆங்கிலேயரே சென்னையிலிருந்து ஒரு நல்ல தொலைநோக்கியை அனுப்பி உதவினர். நாடுகள் பகைத்தாலும் விஞ்ஞானம் பகைக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

காத்திருந்த அந்த ஓராண்டில் அவர் செய்த செயலே என்னை மிகவும் கவர்ந்தது. தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை அறிய விரும்பி, நம்மவரிடம் மாணவராக அமர்ந்தார். தமிழர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து, நகர்த்தி, ஓலையிலும் நினைவிலும் இருந்த வாய்பாடுகளைக் கொண்டு, 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் அக்கணிப்பு 41 நொடி குறைவாக இருந்தது. ஐரோப்பாவில் புகழ்பெற்றிருந்த தோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி கணித்தபோது 68 நொடி கூடுதலாக வந்தது. தொலைநோக்கியும் அச்சிட்ட அட்டவணையும் உள்ளவர்களைக் காட்டிலும், சோழி வைத்துக் கணித்தவர் உண்மைக்கு அருகில் நின்றார்! லெ ஜாந்தி இதை மறைக்கவில்லை. அம்முறையைப் பிரான்சுக்குக் கொண்டு சென்று எழுதினார். பிற்பாடு பாயி என்ற அறிஞர் 1787-இல் இந்திய வானநூல் பற்றித் தனி நூல் எழுத இக்குறிப்புகளும் பயன்பட்டன.

ஒரு மேகம்

1769 ஜூன் 4 அதிகாலை. சூரியன் உதித்துச் சிறிது நேரத்தில் வெள்ளி அதன் விளிம்பை விட்டு வெளியேறும். அந்தச் சில கணங்களுக்காகவே எட்டு ஆண்டுகள்! மே மாதம் முழுவதும் காலை வானம் தெளிவாகவே இருந்தது. முதல் நாள் இரவு ஆளுநரோடு அமர்ந்து வியாழனின் துணைக்கோளைக்கூடப் பார்த்தார். பின்னிரவில் மேகம் திரண்டது. காற்று சுழன்றடித்தது. விடிந்தபோது சூரியன் இருந்த இடமே தெரியவில்லை. வெள்ளி வெளியேறி முடிந்தது. அதன் பின்னர் மேகம் விலகி, நாள் முழுதும் வெயில் காய்ந்தது. அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாக இருந்தது என்று பின்னர்த் தெரிந்தது.

இரண்டு வாரம் அவரால் எழுதுகோலைத் தொட முடியவில்லை. நோயும் வந்து படுத்தது. 1770-இல் புறப்பட்டவர், புயலில் கப்பல் சிதைந்து மொரிஷியசுக்கே திரும்பி, மீண்டும் புறப்பட்டு, 1771 அக்டோபரில் பிரான்ஸ் மண்ணை மிதித்தார். பதினோர் ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. ஊரில் அவர் இறந்துவிட்டார் என்று பேச்சு. உறவினர் சொத்தைப் பிரிக்க முற்பட்டிருந்தனர். அகாடமியில் அவர் இடத்தில் வேறொருவர். வழக்குத் தொடுத்தார், தோற்றார், செலவையும் தாமே கட்டினார். எனினும் மனம் உடைந்து ஒதுங்கிவிடவில்லை. அகாடமியில் மீண்டும் இடம் பெற்றார். மணம் புரிந்து ஒரு மகளுக்குத் தந்தையானார். தம் பயணத்தை 1779-லும் 1781-லும் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 1792 அக்டோபர் 22-இல் பாரிசில் காலமானார்.

தோற்றவர் தந்தது

சூரியனின் தொலைவு என்னவாயிற்று என்று நண்பர்கள் கேட்கலாம். தாகித்தித் தீவில் கேப்டன் குக் குழுவினர் எடுத்த அளவீடு உட்பட, பல நாட்டினர் எடுத்தவற்றைக் கொண்டு 1771-இல் லலாந்து 15.3 கோடி கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். இன்று நாம் அறிந்தது 14.96 கோடி. அந்தக் கணக்கில் லெ ஜாந்தியின் பங்கு ஒன்றுமில்லை.

ஆனால் அவர் ஒரு நெறியை விட்டுச் சென்றார். 1761-இல் அவர் கண்டது தெளிவான காட்சி. நடுக்கடலில் சாட்சி சொல்ல வேறு விஞ்ஞானி இல்லை. சில எண்களைத் திருத்தி எழுதியிருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? அவர் அப்படிச் செய்யவில்லை. விடையை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப அளவீட்டைப் பதிவேட்டில் ஏற்றும் ஆசை, சோதனைக்கூடத்தில் நிற்கும் எந்த மாணவருக்கும் எழக்கூடியதே. அப்போது இந்தப் பிரெஞ்சுக்காரரை நினைத்துக்கொள்வது நல்லது.

நம் மலையில் காவலூரில் 1968 முதல் வானாய்வகம் இயங்கி வருகிறது. 1986-இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே உள்ளது. அங்கும் மேகம் வந்தால் அன்றைய இரவு வீண்தான். ஆய்வாளர் மறுநாள் மீண்டும் காத்திருப்பார். அப்படிக் காத்திருந்தவர்களே 1988-இல் ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு இராமானுஜன் என்று பெயர் சூட்டினார்கள். கும்பகோணத்தில் வளர்ந்த ஏழைக் கணக்கரின் மகன் பெயர், நம் மலை வழியாக விண்ணில் ஏறியது.

ஆனால் புதுச்சேரியில் சோழி வைத்துக் கணித்த அந்தத் தமிழர்? அவர் பெயரில் நிலவில் பள்ளமும் இல்லை, கடலோரத்தில் நகரமும் இல்லை. அவருடைய 41 நொடி, லெ ஜாந்தியின் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் உலகுக்குத் தெரிகிறது. காரணம் எளியது. இவர் கணித்தார்; அவர் எழுதினார்.

என் பெயருக்கு முன் நிற்கும் எழுத்து என் தந்தையுடையது. அவர் கைநாட்டு வைப்பவர். எந்தப் புரவாசலில் எந்த மாதம் மழை இறங்கும், எந்த மீன் எழுந்தால் சாமை விதைக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான். நம் வகுப்புகளில் என்னைப் போன்றோர் பலர் உண்டு. நம் பெயர் நிலவுக்குப் போகுமோ போகாதோ, அறியேன். நம் பெரியோர் அறிந்ததை நாம் எழுதாவிட்டால், அதை வேறொருவர் வந்து தம் பெயரில் எழுதுவார். அல்லது அது மறைந்தே போகும்.

அடுத்த வெள்ளிக் கடப்பு 2117 டிசம்பரில் வருகிறது. நம்மில் எவரும் அதைக் காணப்போவதில்லை. காணப்போகிறவர்களுக்கு நாம் எழுதி வைத்தவை இருக்கட்டும்.