இருமுறை நம்பிய பெரியவர்

கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டை, சிதைந்த நிலையிலும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. அந்த டச்சுக்காரர்தாம் 1658-ல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தவர்கள். அவர்களை விரட்டிய ஆங்கிலேயர், 1833-ல் இலங்கையில் தமிழர் பகுதியையும் சிங்களவர் பகுதியையும் ஒரே நிர்வாகமென்னும் கயிற்றால் கட்டினர். கட்டியவர்கள் 1948-ல் கப்பலேறினர். கயிறு மட்டும் நின்றது. அது தமிழரின் கழுத்தை நெரிக்காதிருக்க வழி தேடி வாழ்நாளைச் செலவிட்டவர் ஒருவர். ஈழத்து மக்கள் அவரைத் 'தந்தை செல்வா' என்றனர். அவர்தாம் எஸ். ஜே. வி. செல்வநாயகம்.

1898 மார்ச் 31-ல் மலாயாவின் ஈப்போவில் பிறந்தவர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வளர்ந்தவர். ஆசிரியராயிருந்து வழக்கறிஞரானார். பொருள் குவிக்கும் தொழில், பெயரும் பெற்றார். மெலிந்த உடல், மெல்லிய குரல். மேடையதிரப் பேசும் ஆற்றல் அவரிடம் இல்லை. சமயத்தால் கிறிஸ்தவர், பின்தொடர்ந்தோரோ பெரும்பாலும் சைவர். ஆயினும் மக்கள் அவர் சமயத்தைப் பார்த்தார்களில்லை, நேர்மையைப் பார்த்தார்கள்!

1947-ல் தமிழ்க் காங்கிரசின் சார்பில் காங்கேசன்துறையில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். மறு ஆண்டே, தேயிலைத் தோட்டத்தில் குருதியை வியர்வையாக்கிய மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. யாழ்ப்பாணத்தானுக்கு அதனால் என்ன நட்டம் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் எனக் கண்டார். தம் கட்சியின் தலைமையோடு முரண்பட்டு வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கேட்டது தனி நாடா? இல்லை, கூட்டாட்சி! 1952 தேர்தலில் தோற்றார், கொள்கையை விட்டாரில்லை. 1956-ல் மக்கள் மீண்டும் அவரைத் தேர்ந்தனர்.

அவ்வாண்டு பண்டாரநாயக்கா, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற மசோதாவைக் கொண்டுவந்தார். காலிமுகத் திடலில் அறவழியில் அமர்ந்த தமிழர் தாக்கப்பட்டனர். அதன் பிறகும் செல்வநாயகம் பேச்சுக் கதவை மூடவில்லை. 1957 ஜூலை 26-ல் பண்டா-செல்வா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வடக்கு கிழக்கில் பிராந்திய சபைகள், காணி, கல்வி, வேளாண்மை, மீன்பிடி முதலியவற்றில் அவற்றுக்கு அதிகாரம், தமிழில் நிர்வாகம். கேட்டது கூட்டாட்சி, கிடைத்தது அதனினும் குறைவு. ஆயினும் அமைதி வேண்டி ஏற்றார். அறிவித்திருந்த அறப்போரையும் கைவிட்டார்.

நடந்தது என்ன? எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சியின் ஜெயவர்த்தனா, ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டியை நோக்கி நடைப்பயணம் கிளம்பினார். 1958 ஏப்ரல் 9-ல் பிக்குகள் பிரதமரின் இல்லத்தை முற்றுகையிட்டனர். கையெழுத்திட்ட கையே, ஒப்பந்தம் செல்லாது என்றும் எழுதித் தந்தது! அடுத்த மாதமே கலவரம். நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. வெறிக்குப் பணிந்த பண்டாரநாயக்காவைத்தான் அந்த வெறி விட்டதா? 1959-ல் ஒரு பிக்குவின் துப்பாக்கியே அவர் உயிரைக் குடித்தது.

1961-ல் செல்வநாயகம் மீண்டும் அறப்போர் நடத்தினார். அவசரச் சட்டம் பாய்ந்தது, சிறைவைக்கப்பட்டார். 1965 மார்ச் 24-ல் மீண்டும் ஒப்பந்தம், இம்முறை டட்லி சேனநாயகாவுடன். மாவட்ட சபை தருவதாக வாக்குறுதி. அதை நம்பித் தமிழரசுக் கட்சி ஆட்சிக்குத் துணைநின்றது. 1968-ல் அந்த மசோதாவும் கைவிடப்பட்டது.

ஓர் உண்மையை இங்கே உற்று நோக்க வேண்டுகிறோம். 1957-ல் ஒப்பந்தத்தை எதிர்த்த கட்சி 1965-ல் ஒப்பந்தம் செய்தது. 1957-ல் ஒப்பந்தம் செய்த கட்சி 1965-ல் எதிர்த்தது! ஆளும்போது நியாயம் தெரிந்தது. எதிர்க்கட்சியாய் இருக்கும்போது நாற்காலி மட்டுமே தெரிந்தது. சாதாரணச் சிங்கள உழவனுக்குப் பிராந்திய சபையால் என்ன இழப்பு? ஒன்றுமில்லை. அதை அவனிடம் எடுத்துச் சொல்லும் துணிவு இரு தலைவர்க்கும் இல்லை என்பதே இழப்பு.

1972-ல் புதிய குடியரசு அரசமைப்பு, இருந்த சிறு பாதுகாப்பையும் நீக்கியது. செல்வநாயகம் பதவியைத் துறந்து, மக்களிடமே தீர்ப்புக் கேட்டார். அந்த இடைத்தேர்தலை அரசு 1975 வரை தள்ளிப்போட்டது, பெருவெற்றி பெற்றார். நடுக்குவாத நோய் உடலை உருக்க, செவியும் மந்தமாக, 1976 மே 14-ல் வட்டுக்கோட்டையில் தனி நாட்டுத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார். கூட்டாட்சி கேட்டவரைத் தனி நாடு கேட்க வைத்தது யார்? அவரல்லர், கிழிந்த தாள்கள்! 1977 ஏப்ரல் 26-ல் மறைந்தார்.

ஒப்பந்தத்தில் நம்பிக்கை இழந்த இளைஞர் கையில் துப்பாக்கி ஏறியது. 1983 ஜூலையில் மூண்ட போர் 2009 மே வரை எரிந்தது. மாகாண சபைகளை 1987-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின்னரே கண்டனர். எத்தனை பிணங்களைத் தாண்டி! 1957-ல் ஒரு பேனா முனையில் முடிந்திருக்க வேண்டியது.

மென்மையாகப் பேசுபவன் கேட்பதைக் கொடுக்க மறுப்போர், வன்மையாகப் பேசுபவனை வரவழைக்கிறார்கள். பெரும்பான்மை கொண்டு ஆள்வோர் எந்த நாட்டினராயினும், செல்வநாயகத்தின் வாழ்க்கையை ஒருமுறை படிக்கட்டும்.