சூட்டை அளந்த ஜூல்

முதல்ல ஒரு கேள்வி. 60 வாட் குண்டு பல்பு ஒன்று, 100 வாட் குண்டு பல்பு ஒன்று. இரண்டையும் தொடர் இணைப்பில் மாட்டி 230 வோல்ட் கொடுத்தால் எது பளிச்சென்று எரியும்? எங்க வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் 100 என்றுதான் சொன்னாங்க. விடை 60!

இதற்குக் காரணம் கண்டவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். 1818 டிசம்பர் 24 அன்று இங்கிலாந்தில், மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்தார். அப்பா பீர் ஆலை முதலாளி. சின்ன வயதிலேயே உடம்பு சரியில்லாததால் வீட்டிலேயே படிப்பு. கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் தெரியுமா? அணுக்கொள்கை தந்த ஜான் டால்டன்! இப்படி ஒரு வாத்தியார் யாருக்குக் கிடைப்பார்?

ஆலையில் நீராவி எஞ்சினுக்குப் பதிலாக மின்மோட்டார் வைக்க முடியுமா என்று ஜூல் பார்த்தார். பேட்டரியில் கரையும் துத்தநாகத்தின் செலவு, நிலக்கரியைவிட ரொம்ப அதிகம். அது கட்டுப்படியாகவில்லை. ஆனால் மின்சாரம் போகும் கம்பி எவ்வளவு சூடாகும் என்ற கேள்வியை அவர் விடவில்லை. கம்பியைச் சுருளாகச் சுற்றித் தண்ணீரில் அமிழ்த்தினார், மின்னோட்டம் செலுத்தினார், தெர்மாமீட்டரில் பார்த்துக் குறித்தார். ஒரே மின்னோட்டம் போனால், தடை இரண்டு மடங்கான கம்பியில் வெப்பமும் இரண்டு மடங்கு. மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினாலோ வெப்பம் நான்கு மடங்கு!

1840 டிசம்பரில் இதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பியபோது அவருக்கு வயது 21. அவர்கள் சுருக்கத்தை மட்டும்தான் அச்சிட்டார்கள். முழுக் கட்டுரை 1841-இல் வேறொரு இதழில் வந்தது.

இப்போ பல்புக்கு வருவோம். தடை = வோல்ட் × வோல்ட் ÷ வாட். 60 வாட் பல்புக்குச் சுமார் 882 ஓம், 100 வாட் பல்புக்கு 529 ஓம். தொடரில் தடைகளைக் கூட்ட வேண்டும்: 1411 ஓம். அப்படியானால் மின்னோட்டம் 0.163 ஆம்பியர், இரண்டிலும் அதே அளவுதான். ஜூல் விதிப்படி மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால், சின்ன பல்புக்குச் சுமார் 23 வாட், பெரிய பல்புக்கு 14 வாட். (சூடு குறைந்தால் இழையின் தடையும் குறையும். அதைக் கணக்கில் எடுக்கவில்லை.) மொத்தமே 37 வாட்தான்! வீட்டில் எல்லாவற்றையும் பக்க இணைப்பில் மாட்டுவது ஏன் என்று இப்போ புரியுதா?

ஜூல் பிறகு, வேலையும் வெப்பமாக மாறும் என்று காட்டினார். 1843-இல் அதைச் சொன்னபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1847-இல் ஆக்ஸ்போர்டில் வில்லியம் தாம்சன் என்ற இளைஞர் (பின்னாளில் கெல்வின் பிரபு) காது கொடுத்தார். 1850-இல், முன்பு சுருக்கம் மட்டும் அச்சிட்ட அதே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

1889 அக்டோபர் 11 அன்று ஜூல் காலமானார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாரன்ஹீட் டிகிரி சூடாக்க எத்தனை அடி-பவுண்டு வேலை வேண்டும் என்று அவர் அளந்த எண்ணைக் கல்லறையில் பொறித்திருக்கிறார்கள்: 772.55.