தோலும் படமும் - சர் ஹம்ப்ரி டேவி

சுரங்கத்துக்குப் பாதுகாப்பு விளக்கு கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் ஹம்ப்ரி டேவி என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனா அவர் தோல் பதனிடுவதையும் ஆராய்ச்சி செய்தார், போட்டோ பிடிக்கவும் முயற்சி பண்ணினார் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

டேவி 1778 டிசம்பர் 17ல் இங்கிலாந்தில் பென்சான்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மரத்தில் சிற்பம் செதுக்குபவர். 1794ல் அவர் இறந்துவிட்டார். ஐந்து பிள்ளைகள், வீட்டில் கடன். மூத்தவரான டேவி ஒரு வைத்தியரிடம் வேலை பழகப் போனார். கல்லூரிக்குப் போகாமலே புத்தகம் படித்தும், தானே செய்து பார்த்தும் வேதியியல் கற்றுக்கொண்டார். 1801ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் வேலை கிடைத்தது. அப்போ வயது 22தான்.

அங்கே தோல் பதனிடுவதை ஆராயச் சொன்னார்கள். பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகிவிடும். மரப்பட்டையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு சேர்ந்துகொண்டால் அழுகாது. அந்த நாட்டில் ஓக் மரப்பட்டை போடுவார்கள். டேவி பதனிடும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். பட்டை, மாசிக்காய் எல்லாம் சோதித்தார். இந்தியாவிலிருந்து போன காசுக்கட்டியில் டானின் ரொம்ப அதிகம் என்று 1803ல் எழுதினார். நம்ம பாட்டிமார் வெற்றிலையோடு போடும் அதே காசுக்கட்டிதான்!

இதே காலத்தில் நண்பர் தாமஸ் வெட்ஜ்வுட்டோடு சேர்ந்து இன்னொரு வேலையும் நடந்தது. வெள்ளி நைட்ரேட் தடவிய தாள் மேல் இலையை வைத்து வெயிலில் காட்டினார்கள். வெயில் பட்ட இடம் கறுத்தது, இலை மறைத்த இடம் வெள்ளையாக நின்றது. தாளைவிட வெள்ளைத் தோலில் சீக்கிரமாகப் படம் விழுந்தது. ஆனால் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் மிச்ச இடமும் கறுத்துப் போகும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் பார்க்கணும். தண்ணீரில் கழுவினார்கள், வார்னிஷ் பூசினார்கள். படம் நிலைக்கவே இல்லை. டேவி இதை மறைக்காமல் 1802ல் அச்சில் எழுதிவிட்டார்.

பிறகு 1807ல் பொட்டாசியம், சோடியம் கண்டுபிடித்தார். 1815ல் பாதுகாப்பு விளக்கு செய்தார். அதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1829 மே 29ல் ஜெனீவாவில் 50 வயதில் இறந்தார்.

1839ல் ஜான் ஹெர்ஷல் ஹைப்போ போட்டுப் படத்தை நிலைக்க வைத்தார். 1840ல் டால்பாட் என்பவர் காலிக் அமிலம் ஊற்றினால் மறைந்திருக்கும் படம் வெளியே வரும் என்று கண்டார். அந்த அமிலம் மாசிக்காயில் இருந்து கிடைப்பது. தோலுக்காக டேவி சோதித்தாரே, அதே மாசிக்காய்! படத்துக்கு வேண்டிய மருந்து அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. எவ்வளவு பெரிய ஆச்சரியம் பாருங்கள்!

முடியாததையும் முடியவில்லை என்று எழுதி வைத்தாரே, அதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது. தோழர் தோழியரே, நாமும் சோதனை சரியா வரலேன்னா பக்கத்து நோட்டைப் பார்க்காமல், வந்ததை வந்தபடியே எழுதுவோம்.

- 9ஆம் வகுப்பு மாணவி