தறிச் சக்கரம் தந்த இடுப்பு

லங்காஷயர்! இந்தப் பெயரைக் கேட்டதும் மில் துணியும், ஆலைப் புகையும், நம் நாட்டு நெசவாளியின் தறியை ஓய வைத்த கப்பல் சரக்கும்தான் நம் நினைவுக்கு வரும். வரட்டும், மறக்கக்கூடிய கணக்கா அது? ஆனால் அதே லங்காஷயரிலே, பஞ்சாலைகள் சூழ்ந்த பரி என்ற ஊரிலே, 1911-ஆம் ஆண்டு மருந்துக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஜான் சார்ன்லியைப் பற்றி இன்று எழுதப் புகுந்தோம்.

மான்செஸ்டரிலே மருத்துவம் படித்தார். போரிலே டன்கர்க் கரையையும் கண்டார், எகிப்தையும் கண்டார். திரும்பி வந்து எலும்பு மருத்துவரானார். எலும்பு ஒட்டு எப்படிப் பிடிக்கிறது என்று அறிய வேண்டுமா? தம் காலையே அறுக்கச் சொன்னார்! புண் சீழ்பிடித்துப் படுக்கையிலே கிடந்தார். ஊரான் உடம்பிலே சோதனை செய்யுமுன் தன் உடம்பிலே செய்து பார்ப்பவர் எத்தனை பேர், தோழர்களே?

மூட்டை தூக்குவோனுக்குத் தோள் மட்டும் போதாது, இடுப்பு வேண்டும். தொடையெலும்பின் தலை பந்து போல் உருண்டு, இடுப்பெலும்பின் கிண்ணத்திலே சுழல்கிறது. இடையிலுள்ள குருத்தெலும்பு தேய்ந்துவிட்டால் எலும்போடு எலும்பு உரசும். இரவிலே உறக்கமில்லை, பகலிலே வேலையில்லை. முன்வினை என்று சொல்லி மூலையிலே முடங்கியவர் கோடி. அந்தக் காலத்திலே பிளாஸ்டிக் தலை ஒன்றைப் பொருத்திப் பார்த்தனர் மருத்துவர்கள். அப்படிப் பொருத்திக்கொண்ட ஒருவர் சாப்பாட்டு மேசையில் குனியும்போதெல்லாம் இடுப்பு கிறீச்சிட்டதாம். கேட்கப் பொறாமல் மனைவி எழுந்து போய்விடுவாராம். கேட்டவர் சிரித்தனர். சார்ன்லி சிந்தித்தார். சத்தம் வருகிறதென்றால் உராய்வு மிகுந்திருக்கிறது. உராய்வு மிகுந்தால் பொருத்தியது ஆட்டம் காணும். வண்டி அச்சு மெலிந்திருந்தால் சக்கரம் எளிதாய்ச் சுழலுமே, அந்தக் கணக்குத்தான்! பந்தை 22 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறுக்க வைத்தார், எஃகிலே. கிண்ணத்துக்கு டெஃப்லான் என்னும் வழுக்கும் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தார்.

1958 முதல் சுமார் 300 பேருக்கு அதைப் பொருத்தினார். ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்தனர் மக்கள். ஊரே புகழ்ந்தது. ஓரிரு ஆண்டு சென்றது, டெஃப்லான் தேய்ந்தது! தேய்ந்த துகள்கள் சதையிலே புகுந்து கட்டியாய்த் திரண்டு எலும்பை அரித்தன. முதல் நாள் நடை கொண்டு மூட்டை மதிக்கலாகாது என்ற பாடம் எத்துணை விலைக்கு வந்தது, பார்த்தீர்களா! சார்ன்லி ஒளியவில்லை. தோல்வியைப் பலரறிய எழுதினார். அந்த நோயாளிகளுக்கு மறு அறுவையும் தாமே செய்தார். டெஃப்லானைத் தம் தொடையிலே செலுத்திக் கட்டி கிளம்புவதைக் கண்டறிந்தார்.

இங்கேதான் நம் பாட்டாளித் தோழர்கள் ஒரு பெயரை மனத்திலே குறித்துக்கொள்ள வேண்டும். ஹாரி கிரேவன், சார்ன்லியின் பட்டறைத் தொழிலாளி. 1962-இல் விற்பனையாளர் ஒருவர் பாலிஎத்திலீன் துண்டு ஒன்றைக் கொண்டு வந்தார். லங்காஷயர் தறிகளிலே பற்சக்கரம் செய்யப் பயன்பட்ட பொருள் அது. சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, உதவாது என்று போய்விட்டார். கிரேவன் விடவில்லை. டாக்டர் கோபன்ஹேகன் போயிருந்த நேரம் பார்த்து, தேய்மானம் அளக்கும் எந்திரத்திலே அதை ஏற்றி இரவு பகலாய் ஓட்டினார். டெஃப்லான் ஒரு நாளில் தேய்ந்த அளவுகூட அது மூன்று வாரத்தில் தேயவில்லை! திரும்பி வந்த டாக்டர் எந்திரம் சொன்னதை ஏற்றார். பட்டம் பெற்றவர் பட்டறைக்காரரின் அளவுகோலுக்குத் தலைவணங்கிய காட்சி அது. நவம்பரிலே முதல் நோயாளிக்குப் புதிய கிண்ணம் பொருத்தப்பட்டது.

உடனே கடை விரித்தாரா? இல்லை. ரைட்டிங்டன் என்ற பழைய காசநோய் மருத்துவமனையிலே தம்மிடம் வந்து பயின்ற மருத்துவருக்கே அந்த மூட்டு விற்கப்பட வேண்டும் என்று 1960-களின் இறுதி வரை கட்டுப்பாடு வைத்தார். அறுவை அறைக்குள் வடிகட்டிய காற்றைச் செலுத்தி, நூற்றுக்கு ஏழு என்ற அளவிலிருந்த சீழ்நோயை ஒன்றுக்கும் கீழே இறக்கினார்.

அந்தப் பொறுமை இல்லாதவர் செய்ததையும் பின்னாளில் உலகம் பார்த்தது. உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டை டீபியூ என்ற நிறுவனம் சந்தைக்குக் கொண்டு வந்து, 2010-இல் திரும்பப் பெற்றது. அதற்குள் உலகெங்கும் சுமார் 93,000 பேர் உடலிலே அது ஏறியிருந்தது. நம் நாட்டவரும் அவர்களிலே உண்டு. எச்சரித்தவற்றில் ஆஸ்திரேலியாவின் மூட்டுக் கணக்கேடு ஒன்று. எவருக்கு எந்த மூட்டு, எந்த ஆண்டு, மறு அறுவை எப்போது என்று வரிசையாய் எழுதி வைக்கும் ஏடு அது. சுவீடன் இடுப்புக்கான இத்தகைய ஏட்டை 1979-லேயே தொடங்கியது.

சார்ன்லியும் தம் நோயாளிகளிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: இறந்த பின் இந்த மூட்டைத் திருப்பித் தாருங்கள், தேய்மானத்தை நான் அளக்க வேண்டும். கேட்கவே கூசும் கோரிக்கை! பலர் இசைந்தனர். 1977-இல் சர் பட்டம் வந்தது. 1982 ஆகஸ்டில் அவர் மறைந்தார். அவருடைய பாலிஎத்திலீன் கிண்ணங்கள் தேய்ந்தது, சராசரியாக ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே.