ஆறு புள்ளிகள் தந்த அறிவொளி

நம் ஊர்ப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் கண்களை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தோமானால், எழுத்து இருப்பது தெரியும். இன்ன எழுத்து என்பது எளிதில் விளங்காது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பார்வையற்ற மாணவர்களின் படிப்பும் இவ்வாறே இருந்தது. அந்நிலையை மாற்றிய பெருந்தகையே லூயி பிரெயில்.

1809 ஜனவரி 4-ஆம் நாள், பாரிசு நகருக்கு அருகிலுள்ள கூப்வ்ரே என்னும் சிற்றூரில் இவர் பிறந்தார். தந்தையார் குதிரைச் சேணம் செய்பவர். மூன்று வயதில் தந்தையின் பட்டறையில் விளையாடியபோது கூரிய கருவியொன்று கண்ணில் பாய்ந்தது. புண் மறு கண்ணுக்கும் பரவி, ஐந்து வயதிற்குள் இரு கண்களும் ஒளியிழந்தன. பெற்றோர் மனந்தளராமல், பங்குக் குருவானவரின் துணையோடு மகனைப் படிக்க வைத்தனர். 1819-இல் பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் அவருக்கு இடம் கிடைத்தது.

அங்கே சாதாரண எழுத்துகளையே புடைப்பாக அச்சிட்ட கனத்த நூல்கள் இருந்தன. படிப்பதற்கு நெடுநேரம் ஆகும். மாணவர் தம் கையால் எழுதவோ வழியில்லை. பார்பியே என்ற படை அதிகாரி பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்ட முறையொன்றை வகுத்திருந்தார். ஆனால் அது ஒரு விரல்நுனியில் அடங்கவில்லை. லூயி இரவுகளில் விழித்திருந்து உழைத்து, 1824-இல், தம் பதினைந்தாம் வயதில், அதனை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அவ்வாறிலிருந்து 63 வடிவங்கள் கிடைத்தன. பார்வையைப் பறித்ததும் கூர்முனை. எழுத்தைத் தந்ததும் கூர்முனை!

தாம் பயின்ற பள்ளியிலேயே அவர் ஆசிரியரானார். பாரிசு ஆலயங்களில் ஆர்கன் வாசித்து இறைவனைப் போற்றினார். எனினும் அவரது எழுத்தை அப்பள்ளியே சில காலம் தடை செய்தது. மாணவர்களோ மறைவில் அதனைப் பயின்றனர். காசநோயால் நலிந்த அவர், 1852 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று இராசாக்கள் திருநாளன்று, 43-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். ஈராண்டுகள் கழித்தே அப்பள்ளி அவ்வெழுத்தை முறைப்படி ஏற்றுக்கொண்டது.

இன்று தமிழின் அகரத்துக்கும் துருக்கி மொழியின் முதல் எழுத்துக்கும் ஒரே அடையாளம்தான்: இடப்பக்கம் மேலே ஒரு புள்ளி. 1951-இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயில் முறை இந்திய மொழிகள் பலவற்றையும் அவ்வாறு புள்ளிகளுக்குள் இணைத்தது. 2009-இல் நம் அரசு அவருடைய உருவம் பொறித்த இரண்டு ரூபாய் நாணயத்தை வெளியிட்டது.

அருமைத் தோழியரே! தம் வெற்றியைக் காணாமலே மறைந்த அவருக்கு நாம் என்ன கைம்மாறு செய்வோம்? பார்வையற்ற ஒரு சகோதரிக்குப் பாடம் வாசித்துக் காட்டுவோம். தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுப்போம். அதுவே நாம் அவருக்குச் செலுத்தும் நன்றி.