வட்டத்துக்குள் நின்ற அரசனும் வெனிஸ் வியாபாரியும்

பாண்டிய நாட்டு வீதியில் அரசன் குதிரை மேல் வந்துகொண்டிருக்கிறான். வெளிநாட்டு வியாபாரி ஒருவன் குறுக்கே ஓடி வருகிறான். அரசனையும் குதிரையையும் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கீறுகிறான். அரசன் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கிறான். குதிரை நிற்கிறது. அந்தக் கோட்டை அரசன் தாண்டவில்லை!

காரணம், கடன். வியாபாரிக்கு அரசன் பணம் தர வேண்டியிருந்தது. பல தடவை கேட்டும் இன்று, நாளை என்று நாள் கடத்தினான். அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கடன்பட்டவன் இழுத்தடித்தால், கடன் கொடுத்தவன் அவனைச் சுற்றிக் கோடு கிழித்துவிடலாம். கடனைத் தீர்க்க வேண்டும், அல்லது தக்க ஜாமீன் கொடுக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் கோட்டைத் தாண்டினால் மரண தண்டனை. இந்தச் சட்டத்துக்கு அரசனும் கட்டுப்பட்டான். வியாபாரிக்கு வழி செய்த பிறகே அவன் குதிரை நகர்ந்தது. கூடியிருந்த மக்கள் அதிசயித்தார்கள்.

இதைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிவைத்தவர் தமிழர் அல்ல, இத்தாலி தேசத்துக்காரர். அவர் பெயர் மார்க்கோ போலோ. அவர் தமிழகக் கடற்கரைக்கு வந்து எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

தந்தையைக் காணாத பிள்ளை

மார்க்கோ 1254-ல் வெனிஸ் நகரத்தில் பிறந்தான். தண்ணீரில் மிதப்பது போன்ற நகரம் அது. தெருக்களுக்குப் பதில் வாய்க்கால்கள். வண்டிகளுக்குப் பதில் படகுகள். ஐரோப்பாவின் மிளகு, பட்டு, வாசனைச் சரக்கு வியாபாரத்தில் பெரும் பங்கு வெனிஸ் கையில் இருந்தது. அதற்குப் போட்டி ஜெனோவா நகரம். இரண்டும் கடலில் அடித்துக்கொண்டிருந்தன.

தந்தை நிக்கோலோவும் சிற்றப்பன் மாபியோவும் வியாபாரத்துக்காகக் கிழக்கே போனவர்கள் வெகு காலம் திரும்பவில்லை. தாய் இறந்துபோனாள். 1269-ல் இருவரும் திரும்பி வந்தபோது மார்க்கோவுக்கு வயது பதினைந்து. தந்தையை அப்போதுதான் அவன் கண்ணாரக் கண்டான்.

அவர்கள் கொண்டுவந்த செய்தி அதைவிடப் பெரியது. மங்கோலியச் சக்கரவர்த்தி குப்ளாய் கானை நேரில் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்! மங்கோலியர் என்றால் அப்போது ஐரோப்பா நடுங்கும். 1241-ல் அந்தக் குதிரைப் படை போலந்தையும் ஹங்கேரியையும் சூறையாடியிருந்தது. அந்த மங்கோலியரின் சக்கரவர்த்தியோ போப்பாண்டவருக்குக் கடிதம் கொடுத்தனுப்பி, நூறு கல்விமான்களை அனுப்பும்படி கேட்டிருந்தார். ஏசுநாதரின் கல்லறை விளக்கில் இருந்து கொஞ்சம் எண்ணெயும் வேண்டுமாம்.

1271-ல் மீண்டும் புறப்பட்டார்கள். இம்முறை மார்க்கோவும் கூடப் போனான். நூறு பேருக்குப் பதில் இரண்டு பாதிரிமார்தான் கிடைத்தார்கள். அவர்களும் வழியில் போர் என்று கேட்டதும் திரும்பிவிட்டார்கள். விளக்கு எண்ணெய் மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது.

பாரசீகம், பாமீர் மலை, பாலைவனம் என்று ஏறத்தாழ மூன்றரை ஆண்டுப் பிரயாணம். நடுவே மார்க்கோ நோயில் விழுந்து மலைக்காற்றில் தேறினான். 1275-ஐ ஒட்டி குப்ளாய் கானின் கோடைகால அரண்மனையை அடைந்தபோது அவனுக்கு வயது இருபத்தொன்று.

சக்கரவர்த்திக்கு அந்த வாலிபனைப் பிடித்துப்போயிற்று. மற்ற தூதர்கள் போன காரியத்தை மட்டும் சொல்வார்களாம். மார்க்கோ அந்த ஊரில் என்ன விளைகிறது, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் கேட்டுவந்து சொன்னார். பதினேழு ஆண்டுகள் சக்கரவர்த்தியின் ஊழியத்தில் கழிந்தன. மல்பெரி மரப்பட்டையில் செய்த காகிதப் பணத்தை அங்கே பார்த்தார். பூமியில் வெட்டி எடுத்து விறகு போல் எரிக்கும் கறுப்புக் கல்லையும் பார்த்தார். அது நிலக்கரி. பின்னால் இவற்றைச் சொன்னபோது பலர் நம்பவில்லை.

வீட்டு நினைவு வந்தது. ஆனால் சக்கரவர்த்தி விடவில்லை. கடைசியில் ஒரு கலியாணம் வழி திறந்தது. பாரசீகத்தை ஆண்ட மங்கோலிய அரசன் அர்கூனுக்கு மணப்பெண்ணாக கோக்காச்சின் என்ற இளவரசியைக் கடல் வழியாக அனுப்ப வேண்டியிருந்தது. துணைக்குப் போலோ குடும்பத்தார் மூவரும் போக அனுமதி கிடைத்தது. சுமார் 1292-ல் பதினான்கு கப்பல்கள் புறப்பட்டன. மாலுமிகளைத் தவிர அறுநூறு பேர்.

கப்பல் ஏறிய துறைமுகத்தை அவர் சைத்தூன் என்கிறார். இன்று அதன் பெயர் சுவான்சௌ. அங்கே அப்போது தமிழ் வணிகர்கள் இருந்தார்கள்! 1281-ல், மங்கோலியக் கானின் நலம் வேண்டி, சம்பந்தப் பெருமாள் என்பவர் அந்த ஊரில் சிவபெருமானை எழுந்தருளச் செய்தார். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு சீன மண்ணில் கிடைத்திருக்கிறது. தமிழர் சீனாவில் கோயில் எழுப்பிய ஊரிலிருந்துதான் மார்க்கோ தமிழ்நாட்டை நோக்கிப் பாய் விரித்தார்.

முத்தும் குதிரையும்

சுமத்ராவில் ஐந்து மாதம் காற்றுக்காகக் காத்திருந்து, இலங்கையைக் கடந்து, கப்பல்கள் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்தன. அராபியர் இந்தக் கரையை மாபார் என்பார்கள். அவரும் அப்படியே அழைத்தார். அன்று பாண்டியர்களில் தலைமை பெற்றிருந்தவன் மாறவர்மன் குலசேகரன். ஐந்து சகோதரர்கள் நாட்டை ஆள்வதாகவும், அவர்களில் ஒருவன் சுந்தரபாண்டியத் தேவர் என்றும் மார்க்கோ சொல்கிறார். அப்போது நமது கொங்கு நாட்டை ஆண்டவர்களும் பாண்டியர் பெயர் தாங்கியவர்களே. கொங்குப் பாண்டியர் என்று சரித்திர ஆசிரியர்கள் அவர்களைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் கொங்கைப் பற்றி மார்க்கோ ஒரு வரியும் சொல்லவில்லை. கரையோரத்தைத்தான் அவர் வர்ணிக்கிறார். காங்கேயத்தை அடுத்த படியூரின் மணிக்கற்கள் ஒரு காலத்தில் ரோமாபுரி வரை போயின என்பதை அறிந்திருந்தால், ஓர் எட்டு வந்திருப்பார் போலும்!

வெனிஸ் நகரத்தில் அவர் பேச்சை நம்பாதவர்கள் நிறையப் பேர் என்று சொல்வார்கள். அவர்களுக்குச் சோதித்துப் பார்க்க வழி இல்லை. நமக்கு வழி இருக்கிறது. நம்மைப் பற்றி அவர் சொன்னதை நாமே எடை போடலாம் அல்லவா?

மக்கள் தினம் இரண்டு வேளை குளிப்பார்கள் என்கிறார். வலக்கையால் மட்டும் உண்பார்கள். பாத்திரத்தில் வாய் வைக்காமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பார்கள். வெற்றிலை மெல்வார்கள். தரையில் உட்காருவார்கள். வாரத்தின் ஒவ்வொரு நாளிலும் ஒரு பொழுது ஆகாது என்று ஒதுக்கி, அப்போது எந்த வியாபாரமும் முடிக்க மாட்டார்கள். பிள்ளை பிறந்ததும் நாளும் நேரமும் எழுதி வைப்பார்கள். வாரம் ஒரு முறை பிள்ளைகளுக்கு நல்லெண்ணெய் தேய்ப்பார்கள். கறுப்பு நிறத்துக்குத்தான் இங்கே மதிப்பு என்றும், தெய்வங்களுக்குக் கறுப்பும் பிசாசுகளுக்கு வெள்ளையும் பூசுகிறார்கள் என்றும் சொல்கிறார். வெள்ளைக்காரர் ஒருவர் இதை மறைக்காமல் சொன்னது பாராட்டத் தக்கது.

பிழைகளும் உண்டு. அரசன் கழுத்தில் முத்தும் மாணிக்கமும் கோத்த ஜபமாலை இருந்ததாம். அதில் மணிகள் 104 என்கிறார். 108 என்பது நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். தெலுங்கு நாட்டை நாற்பது ஆண்டு நீதியோடு ஆண்ட ராணி ஒருத்தியை அரசனின் விதவை என்கிறார். அவள் காகதீய ருத்ரமாதேவி. முன் ஆண்ட அரசன் கணபதியின் மகள். இந்த நாட்டில் தையற்காரனே இல்லை என்பது இன்னொரு வியப்பு. தறியில் நெய்த துணியை ஊசி படாமல் அப்படியே உடுத்தும் அழகு அவருக்குப் பிடிபடவில்லை. பல்லடம், சோமனூர்ப் பக்கத்து நெசவாளரைக் கேட்டிருந்தால் விளக்கியிருப்பார்கள்!

முத்துக்குளிப்பு ஏப்ரல் தொடங்கி மே மாத நடுப்பகுதி வரை நடக்கும். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. மூச்சை அடக்கிக் கடலடியில் சிப்பி பொறுக்கியவன் கைக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த முத்துச் செல்வம் எங்கே போயிற்று? குதிரைக்குப் போயிற்று.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே காயல் துறைமுகம் கோலாகலமாக இருந்தது. ஹோர்முஸ், கிஷ், ஏடன் ஆகிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து குவிந்தன. ஓர் அரசன் மட்டும் ஆண்டுக்கு இரண்டாயிரம் குதிரை வாங்குவானாம். அவன் சகோதரர்களும் அதே போல் வாங்குவார்களாம். ஒரு குதிரையின் விலை நூறு மார்க் வெள்ளிக்கு மேல். இன்றைய கணக்கில் இருபது கிலோவுக்கும் அதிகமான வெள்ளி! ஆண்டு முடிவில் அந்த இரண்டாயிரத்தில் நூறுகூட உயிரோடு இருக்காது என்கிறார் மார்க்கோ.

ஏன்? குதிரை வளர்க்க இங்கே ஆளுக்குத் தெரியவில்லை. புல்லும் கொள்ளும் தின்ன வேண்டிய பிராணிக்குச் சோற்றையும் வெந்த இறைச்சியையும் போட்டார்கள். காங்கேயம் காளைக்குச் சோளத்தட்டும் பிண்ணாக்கும் பார்த்துப் பார்த்து வைக்கும் நம் ஊர் விவசாயி இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார். குதிரை வைத்தியர்கள் இந்த நாட்டுக்குள் வராதபடி வியாபாரிகள் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை பிழைத்துவிட்டால் அடுத்த ஆண்டு யாரிடம் விற்பது?

இதைவிட முக்கியமான ஒன்றையும் அந்த வெனிஸ் வியாபாரி கவனித்தார். ஐந்து சகோதரர்களுக்குள் அடிக்கடி சண்டை மூளும். ஆயுதம் எடுத்து நிற்பார்கள். அப்போது வயதான தாய் நடுவே வந்து நிற்பாள். நீங்கள் போரிட்டால் உங்களுக்குப் பால் கொடுத்த மார்பை அறுத்துக்கொள்வேன் என்று கத்தியைக் கையில் எடுப்பாள். பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். ஆனால் தாய் கண்ணை மூடியதும் இவர்கள் ஒருவரை ஒருவர் அழித்துக்கொள்வார்கள் என்று மார்க்கோ அடித்துச் சொன்னார்.

அவர் கப்பல் போய் இருபது ஆண்டு ஆகவில்லை. பாண்டிய குலத்தில் சண்டை வந்தது. குலசேகரனை மகன் சுந்தரபாண்டியனே கொன்றான் என்று பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். சுந்தரனும் வீரபாண்டியனும் அரியணைக்காக மோதினார்கள். 1311-ல் டில்லியிலிருந்து மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்தது. ஐந்நூறுக்கு மேற்பட்ட யானைகளும் ஆயிரக்கணக்கான குதிரைகளும் வடக்கே போயின. முத்தை விற்று வாங்கிய குதிரைகளில் உயிர் பிழைத்தவையும் இப்படி எதிரி கைக்குப் போயின.

சிறையில் பிறந்த புத்தகம்

மணப்பெண்ணைப் பாரசீகத்தில் சேர்த்தபோது மணமகன் அர்கூன் உயிரோடு இல்லை. இளவரசியை அவன் மகன் கசான் மணந்தான். கூடப் புறப்பட்ட அறுநூறு பேரில் பெரும்பாலோர் வழியிலேயே மாண்டிருந்தார்கள்.

1295-ல் மூவரும் வெனிஸ் திரும்பினார்கள். இருபத்து நான்கு ஆண்டுகள்! இதற்குள் ஐரோப்பாவின் முகமே மாறியிருந்தது. சிலுவைப் போர் வீரர்கள் கிழக்கே பிடித்துவைத்திருந்த கடைசிப் பெரிய கோட்டையான ஆக்கர் 1291-ல் எகிப்தியர் வசமாகிவிட்டது. அந்த ஊரிலிருந்துதான் இவர்கள் தங்கள் பிரயாணத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

வெனிசுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த போரில் மார்க்கோ பிடிபட்டார். 1298-ல் ஜெனோவாச் சிறையில் இருந்தார். கூட இருந்த கைதி பைசா நகரத்து ருஸ்டிசெல்லோ; வீரக் கதைகள் எழுதிப் பழகியவர். மார்க்கோ சொல்லச் சொல்ல அவர் எழுதினார். அந்தச் சிறைவாசம் இல்லாவிட்டால் புத்தகம் இல்லை. குலசேகரன் காலத்துக் காயலின் கோலாகலத்தில் பாதி நமக்குத் தெரிந்திராது.

1299-ல் விடுதலை. டொனாட்டா என்ற பெண்ணை மணந்தார். மூன்று பெண் குழந்தைகள். மறுபடி தூர தேசம் போகாமல் வெனிசில் வியாபாரம் செய்து வாழ்ந்தார். அவர் சீனாவுக்கே போகவில்லை என்று சொல்பவர்கள் நம் காலத்திலும் உண்டு. தேயிலையைச் சொல்லவில்லை, பெருஞ்சுவரைச் சொல்லவில்லை என்பது அவர்கள் வாதம். ஆனால் இளவரசியை அழைத்துப் போக வந்த மூன்று தூதர்களின் பெயர்கள் பழைய சீன ஏடு ஒன்றில் இருப்பதை 1941-ல் ஒரு சீன அறிஞர் கண்டுபிடித்தார். மார்க்கோ சொன்ன அதே மூன்று பெயர்கள்!

1324 ஜனவரியில் அவர் மரணப் படுக்கையில் இருந்தார். பொய்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும்படி நண்பர்கள் வேண்டினார்கள் என்றும், கண்டதில் பாதியைக்கூட நான் சொல்லவில்லையே என்று அவர் பதில் அளித்தார் என்றும் ஒரு பழைய வரலாறு கூறுகிறது. அந்தக் கடைசி நாளில் எழுதிய உயிலில், தன்னிடம் அடிமையாக இருந்த பீட்டர் என்ற தார்த்தாரியனுக்கு விடுதலை கொடுத்தார்.

புத்தகம் கையெழுத்துப் பிரதியாகவே மடம் மடமாக, அரண்மனை அரண்மனையாகப் பரவியது. பின்பு அச்சாகியது. ஓரங்களில் குறிப்பு எழுதிய ஒரு பிரதி இன்றும் ஸ்பெயின் தேசத்து செவில் நகரில் இருக்கிறது. குறிப்பு எழுதியவர் கொலம்பஸ். மார்க்கோ வர்ணித்த பொன் விளையும் கிழக்கைத் தேடித்தான் 1492-ல் அவர் மேற்கே கப்பல் விட்டார். சீனத்துப் பெரிய கானுக்கு என்று ஸ்பெயின் அரசரின் கடிதமும் அவர் கையில் இருந்தது. குப்ளாய் கானின் வம்சத்தைச் சீனர்கள் 1368-லேயே விரட்டிவிட்டார்கள் என்பது அந்தக் கடிதத்தை எழுதியவர்களுக்கும் தெரியாது, கொண்டுபோனவருக்கும் தெரியாது.